வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்

மெல்பேர்ணின் டண்டினொங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வெள்ளைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'டனோ'. அவர்கள் பேச்சில் அதற்குத் 'தெரியாது' என்று அர்த்தம். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும்.

நம் ஆட்கள் 'தெரியாது' என்ற சொல்லை ஒரு தீராத வியாதியைப் போல மறைத்து வைத்திருப்பார்கள். முன்பின் போயிராத தெருவுக்கு வழி கேட்டாலும் கையை நீட்டி, இரண்டாவது சிக்னலில் இடப்பக்கம் திரும்பச் சொல்வார்கள். நானும் அந்த வம்சம்தான். தரப் பரிசோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வேலைக்கு எந்த நடைமுறை, அந்த நடைமுறைக்கு என்ன விதிவிலக்கு, அந்த விதிவிலக்குக்கு யாருடைய கையெழுத்து என்பதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்காமலே தூக்கத்தில் சொல்கிறேன் என்பது என் மனைவியின் முறைப்பாடு.

டனோ யுத்தத்துக்குப் பிறகு ஊரிலிருந்து படகில் வந்தவர். எங்களிடம் வேலைக்கு வந்தபோது கையில் இருந்தது தற்காலிக விசா. அவருடைய தஞ்சக் கோரிக்கையை முதலில் விசாரித்த அதிகாரி அதை நிராகரித்துவிட்டார். கேட்ட முக்கியமான கேள்விகளுக்கெல்லாம் இவர் தெரியாது என்று சொன்னதுதான் காரணம். எதையோ ஒளிக்கிறார் என்று அந்த அதிகாரி முடிவு செய்தார். அவருடைய சட்டத்தரணி மேல்முறையீடு போட்டிருந்தார். அதிலும் தோற்றால் திருப்பி அனுப்புவார்கள். நான் அவரை நெருங்கிப் பழகிய காலம் முழுவதும் அந்த விசாரணைக்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

வேலைக்கு எடுப்பதற்கு முன்பு நானும் உற்பத்தி மேலாளரும் அவரைப் பார்த்தோம். மேலாளர் இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த, வாய் ஓயாத வெள்ளைக்காரர். பாரம் தூக்குவீரா என்று அவர் கேட்க, நான் தமிழில் சொன்னேன். வேலை கேட்டு வரும் எவரும் யோசிக்காமல் ஓம் என்று சொல்லும் கேள்வி அது. இவர் மூலையில் கிடந்த உருக்குத் தண்டைப் பார்த்தார்.

"தெரியாது சேர். தூக்கிப் பாத்தால்தான் தெரியும்."

போய்த் தூக்கினார். அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஓம். தூக்கலாம்."

மேலாளருக்கு அது நகைச்சுவையாகப் பட்டது. வேலை கொடுத்துவிட்டார்.

எங்கள் தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்குப் பாதி விளங்கியிருக்கும். நெருப்பு இல்லை, மேலே வைத்த பாத்திரம் மட்டும் சுடுகிறது. அதே விஞ்ஞானம்தான், அளவுதான் பெரிது. செப்புக் குழாயை வளையமாக வளைத்து, உள்ளே தண்ணீரை ஓடவிட்டு, அதற்குள் மின்சாரம் பாய்ச்சுவோம். வளையத்தின் நடுவே உருக்குத் தண்டு சுழலும். சில விநாடிகளில் தண்டின் மேற்பரப்பு மட்டும் செந்நிறமாகும். உள்ளே சூடு இறங்குவதற்கு முன்னால் தண்ணீரைப் பீச்சி அடித்துக் குளிர வைப்போம். மேல்தோல் கல்லாகிவிடும், நடுப்பகுதி பழையபடியே இருக்கும். தேய்மானத்துக்கு மேல்தோல், அதிர்ச்சி தாங்க நடுப்பகுதி. மனிதரை இதோடு ஒப்பிட்டுக் கவிதை எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம். எங்களுக்கு அளக்கிற வேலை இருந்தது.

அந்த வளையத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் மோதிரம் போடக்கூடாது, சங்கிலி போடக்கூடாது. உடலுக்குள் உலோகம் இருந்தாலும் நிற்கக்கூடாது. புதிதாக வந்தவர்களை வரிசையாக நிறுத்தி அதை வாய்மொழியாகக் கேட்க வேண்டியது என் பொறுப்பு. எல்லோரும் 'நோ, நோ' என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். இவருடைய முறை வந்தது.

"உடம்புக்குள்ள தகடு, ஆணி, இரும்பு ஏதும் இருக்கோ?"

"தெரியாது."

"என்ன தெரியாது? உம்மட உடம்புதானே?"

"ஷெல் பட்டது சேர். கொஞ்சத்தை டொக்டர்மார் எடுத்தவை. மிச்சம் கிடக்கோ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் உள்ளுக்கை போய்ப் பாக்கேல்லை."

பக்கத்தில் நின்ற இன்னொரு தமிழ்ப் பையன் முழங்கையால் அவரை இடித்தான். "இல்லை எண்டு சொல்லு மச்சான். வேலை போகப்போகுது."

"இருந்தால்?" என்று அவனிடம் திருப்பிக் கேட்டார்.

எக்ஸ்ரே எடுத்தோம். இடது தோள்பட்டை எலும்புக்குக் கிட்ட, பருப்பளவில், ஒரு வெள்ளைப் புள்ளி. அவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "அப்ப கிடக்கு" என்றார். கவலையாகச் சொல்லவில்லை. எங்கேயோ வைத்து மறந்த சாவியைக் கண்டெடுத்தவர் போலச் சொன்னார்.

ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருந்த பெண்மணி, இப்படியானவரை வைத்திருக்க முடியாது என்று சொன்னார். நான் விதியை எடுத்து வாசித்துக் காட்டினேன். உடலில் உலோகம் உள்ளவர் வளையத்துக்கு அருகில் நிற்கக்கூடாது என்றுதான் அதில் இருந்தது. கட்டடத்துக்குள் இருக்கக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. விதிகளின் அழகே எழுதாமல் விட்ட இடங்களில்தான் இருக்கிறது. அவரை இயந்திரங்களிலிருந்து தள்ளி, மறு கோடியில் என் சோதனை மேசைக்கு மாற்றினேன்.

சோதனை மேசையின் வேலை அழிப்பது. கடினமாக்கிய தண்டுகளில் ஒன்றை எடுத்துக் குறுக்கே அறுப்போம். அறுத்த முகத்தைக் கண்ணாடிபோலத் தேய்த்து, நீர்த்த அமிலம் தடவினால் மேல்தோல் எவ்வளவு ஆழத்துக்குக் கடினமாகியிருக்கிறது என்பது சாம்பல் நிற வளையமாகத் தெரியும். அதை அளப்போம். வெளியில் இருந்து பார்த்து இதைச் சொல்ல ஒருவராலும் முடியாது. நல்ல தண்டும் மோசமான தண்டும் ஒரே மாதிரித்தான் பளபளக்கும். அதனால் நல்லதென்று உறுதி செய்வதற்கே ஒரு நல்ல தண்டைக் கொல்ல வேண்டியிருக்கிறது. இந்த அநியாயம் மேலாளருக்குக் கடைசிவரை பொறுக்கவில்லை. இவருக்கோ, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்னுடைய இயல்புக்கு ஏற்ற மேசை கிடைத்திருந்தது.

ஒருநாள் ஒரு வளையத்தில் நீர்க்கசிவு ஏற்பட்டுப் புதிய வளையம் மாட்டினார்கள். விவசாய இயந்திரங்களுக்கான தண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. வாடிக்கையாளர் எண்ணி அனுப்பியவை; உபரியாக ஒன்றுகூட இல்லை. லொறி வாசலில் நின்றது. வளையம் மாற்றினால் ஒன்றை அறுத்துப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. இயந்திரத்தின் அளவீடுகள் முன்புபோலவே இருந்தால் பொறுப்பாளர் அதைத் தவிர்க்கலாம் என்பது விதிவிலக்கு. அந்தப் பொறுப்பாளர் நான். மேலாளர் என்னைவிட்டு அவரிடம் போனார்.

"நீ ஆயிரம் தண்டு பார்த்தவன். இதைப் பார்த்துச் சொல்லு மேட், நல்லதுதானே?"

"டோன்ட் நோ, பாஸ்."

"ஷீ'ல் பீ ரைட், மேட்!" எல்லாம் சரிவரும் என்று சொல்ல இந்த நாட்டில் எல்லோரும் பயன்படுத்தும் வாக்கியம் அது. நிதியமைச்சரும் சொல்வார், கூரை ஒழுக்கைப் பார்க்க வந்தவரும் சொல்வார்.

"மேபீ ரைட். கட், தென் நோ." அறுத்தால்தான் தெரியும் என்பதன் ஆங்கிலம்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். நான் அறுக்கச் சொன்னேன்.

இந்த இடத்தில் உள்ளே கோளாறு இருந்தது, பெரிய விபத்து ஒன்று தவிர்க்கப்பட்டது என்று எழுதினால் வாசிப்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. தண்டு அருமையான தண்டு. சாம்பல் வளையம் காம்பஸால் வரைந்ததுபோல இருந்தது. அநியாயமாக ஒன்று செத்தது, வாடிக்கையாளருக்கு ஒன்று குறைந்தது. தொலைபேசியில் நான் வாங்கிய ஏச்சைத் தமிழில் எழுதினால் அச்சிட மாட்டார்கள். மேலாளர் கெட்ட வார்த்தைகளால் கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டு போனார். இவர் அறுத்த துண்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன சிரிப்பு? நல்ல தண்டு ஒண்டு வீணாப் போச்சு" என்றேன்.

"வீணோ? இப்ப தெரியுமெல்லோ அண்ணை."

சேர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னை அண்ணை என்று கூப்பிட்டது அன்றிலிருந்துதான்.

மெல்ல மெல்ல ஒரு விஷயம் நடந்தது. அவர் ஒரு தண்டை வைத்துவிட்டு 'குட்' என்று சொன்னால், மேலாளர் உட்பட யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. டனோ குட் என்றால் குட். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவருடைய 'தெரியும்' எத்தனை பெறுமதி என்பதை எந்த அளவுகோலும் இல்லாமல் அந்தத் தொழிற்சாலை கண்டுபிடித்துவிட்டது. தஞ்சக் கோரிக்கையை விசாரித்த அதிகாரி மட்டும் அங்கே வேலை பார்க்கவில்லை.

கோயிலில் அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு தம்பி இருந்தான். யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமற் போனவன். திருவிழாவுக்குப் போனால் அன்னதான வரிசையில் யாராவது ஆரம்பிப்பார்கள். முகாமில் இருக்கிறானாம், சாத்திரம் பார்க்கிறவர் சொன்னார் என்பார் ஒருவர். இத்தனை வருடம் ஆகிவிட்டது, அந்தியேட்டி செய்து ஆன்மாவைச் சாந்தி பண்ணும் என்பார் இன்னொருவர். கையில் சோற்றுத் தட்டோடு அவர் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"தெரியாது. செத்தவன் எண்டால் எள்ளும் தண்ணியும் இறைப்பன். இருக்கிறான் எண்டால் தேடிப் போவன். ரெண்டும் தெரியாமல் என்னத்தைச் செய்யிறது?"

"மனசுக்கு ஒரு ஆறுதல் வேண்டாமே?" என்று கேட்டார் அந்தியேட்டிக்காரர்.

"ஆறுதலுக்காக அவனைச் சாகடிக்க ஏலாது ஐயா. சாம்பாரை அங்கால விடுங்கோ."

இனி என் வீட்டுக்கு வருகிறேன். என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி கண்டு, ஊசி குத்திச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருந்த வாரம் அது. மெல்பேர்ணில் உள்ள அத்தனை தமிழரும் தொலைபேசியில் வந்தார்கள். "ஒண்டுமிராது", "நேர்த்தி வைச்சிருக்கிறம்", "என்ர மச்சாளுக்கும் இப்பிடித்தான், பாத்தால் வெறும் கொழுப்பு". மனைவி எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நானும் என் பங்குக்கு, இந்த வகைக் கட்டிகளில் எத்தனை வீதம் ஆபத்தில்லாதவை என்று வாசித்ததைத் தினமும் ஒப்புவித்தேன். அதனாலும் அழுதிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பையோடு வந்தார். கடற்கரைப் பாலத்தில் தூண்டில் போட்டுப் பிடித்த மீன். மனைவி கதிரையை இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லி, நேராகவே கேட்டாள்.

"தம்பி, எனக்கு ஒண்டுமிராதுதானே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை ஓம் என்று சொல்லிவிடும் என்று.

"தெரியாது அக்கா."

அவரை வாசலுக்கு வெளியே தள்ளிவிடலாமா என்று இருந்தது. மனைவியோ கையைத் தட்டிச் சிரித்தாள். அந்த வாரத்தின் முதல் சிரிப்பு. "அப்பாடா! ஒரு மனிசன்!" என்றாள். "எனக்கும் தெரியாது தம்பி. இவையெல்லாருக்கும் தெரியுமாம், எனக்கு மட்டும் தெரியாது. தனிய இருந்த மாதிரி இருந்தது." பிறகு இரண்டு பேரும் வெகுநேரம் பயத்தைப் பற்றிக் கதைத்தார்கள். பயம் வந்தால் வயிற்றில் எந்த இடத்தில் வரும், எந்த நேரத்தில் கூடும் என்றெல்லாம். விலைவாசி கதைப்பதுபோலக் கதைத்தார்கள். நான் மீன் பொரித்தேன். அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

முடிவு அவ்வளவு நல்லதாக வரவில்லை. வைத்தியம் நீண்டது. ஆனால் அவள் இருக்கிறாள், இந்தப் பக்கத்தை எழுதும்போதும் பின்னால் நின்று வாசித்து, "மீனைக் கருக்கினதை எழுதேல்லையோ?" என்கிறாள். கருக்கினேன். அந்த வாரத்தில் எங்களுக்கு ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி உடையேன். சொல்லாத அந்த ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு நாள் வந்தது. அவரைத் தயார்ப்படுத்தும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். விசாரணைகளுக்கும் ஒரு நடைமுறை உண்டு, அதையும் படித்துவிட்டேன். எங்கள் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் அவரை இருத்தி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் கேட்டேன்.

"திரும்பிப் போனால் உமக்கு என்ன நடக்கும்?"

"தெரியாது."

"ஐயோ! பிடிப்பினம், அடிப்பினம் எண்டு சொல்லுமன் ஐசே."

"பிடிக்கக்கூடும். அதைச் சொல்லுவன். முந்தி ஒருக்காப் பிடிச்சவை, அதையும் சொல்லுவன். பயமாக் கிடக்கு, அதுவும் சொல்லுவன். நடக்கும் எண்டு எப்பிடிச் சொல்லிறது? நடக்கேல்லையே இன்னும்."

"உண்மையான ஆக்களே கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்லுகினம்."

"சேர்த்ததைப் பிடிச்சினமெண்டால், சேர்க்காததையும் எறிஞ்சு போடுவினம் அண்ணை."

"உம்மைத் திருப்பி அனுப்பப்போறாங்கள். விளங்குதோ?"

"ஓம். விளங்குது." அதைச் சொல்லிவிட்டு மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். பிடிவாதத்தால் சொல்லவில்லை, பயமில்லாமலும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுப்படியிலிருந்து மனைவி சத்தம் போட்டாள். "விடுங்கோவன் அந்த மனிசனை. உங்களுக்கு ஓம் போட ஆக்கள் வேணுமெண்டால் கண்ணாடிக்கு முன்னால போய் நில்லுங்கோ."

நகரத்தில் உயரமான கட்டடம் ஒன்றில் விசாரணை. விசாரித்தவர் நரைத்த தலைமுடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண்மணி. மொழிபெயர்க்க வந்தவர் சென்னைப் பெண். "நீங்க நிதானமா சொல்லுங்க சார், நான் அப்படியே சொல்லிடறேன்" என்று அவருக்குத் தைரியம் சொன்னார். பக்கத்தில் அவருடைய சட்டத்தரணி, இளம்பெண். சாட்சி சொல்ல வந்த நான் ஒரு ஓரத்தில்.

ஷெல் விழுந்தது காலையா மாலையா என்று முதல் கேள்வி.

"தெரியாது. பங்கருக்குள்ள இருட்டு."

தோளில் இருக்கும் துண்டு அன்றைக்குப் பட்டதா? எக்ஸ்ரேயைச் சட்டத்தரணி சமர்ப்பித்திருந்தார். அதைத்தான் அவர் பெரிதாக நம்பியிருந்தார். ஓம் என்று ஒரு சொல் போதும்.

"தெரியாது. எனக்கு ரெண்டு தரம் பட்டது. எது வெளியில வந்தது, எது உள்ளுக்கை கிடக்கு எண்டு தெரியாது."

சட்டத்தரணி பேனாவை மேசையில் வைத்துவிட்டார். நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் மேலாளரும் இப்படித்தான் பார்ப்பார்.

விசாரித்த பெண்மணி தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவரைப் பார்த்துக் கேட்டார்: "அப்படியானால், அன்றைய நாளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது என்ன?"

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் விரித்து வைத்தார். சோதனை மேசையில் அளவை எடுப்பதற்கு முன்னால் இப்படித்தான் வைப்பார்.

"நானும் தம்பியும் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் ஓடினனாங்கள். இரண்டாவது ஷெல் விழேக்கை கை விட்டுப் போச்சு. விட்டது நான். அவன் விடேல்லை. அது தெரியும்."

சென்னைப் பெண் தண்ணீர் குடித்தார். பிறகு மொழிபெயர்த்தார். விசாரித்தவர் எதுவும் எழுதவில்லை.

கடைசியில் என் முறை. சோதனைமுறை, மாதிரி எடுத்தல், நம்பகத்தன்மை என்று ஒரு விரிவுரையே தயாரித்து வைத்திருந்தேன். விசாரித்தவர் கேட்டதோ ஒரே கேள்வி: "இவர் பிறரைத் திருப்திப்படுத்துவதற்காகப் பதில் சொல்லக்கூடியவரா?"

"அம்மணி, எனக்குப் பிடித்த ஒரு பதிலை இவர் வாயிலிருந்து எடுக்கப் பல வருடங்களாக முயன்றிருக்கிறேன். நேற்றும் முயன்றேன். ஒருமுறைகூட முடியவில்லை" என்றேன்.

அந்தப் பெண்மணியின் உதட்டோரம் அசைந்தது. சிரிப்பா என்று கேட்டால், தெரியாது.

சில வாரங்கள் கழித்து, நான் லீவில் நின்ற ஒரு வேலைநாள் மத்தியானம், வீட்டுமணி அடித்தது. திறந்தால் அவர், சோதனை மேசையின் நீல மேலங்கியோடு. கையில் பை. வேலை நேரத்தில் அவர் இப்படி வெளியே வந்ததை நான் பார்த்ததே இல்லை. நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். மனைவி என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்ன தம்பி? சொல்லும்."

"இங்கயே இருக்கலாமாம் அக்கா."

"அதென்ன 'இருக்கலாமாம்'? உறுதியோ?" என்றேன் நான்.

"லோயர் பிள்ளை போனில சொன்னவ. நான் மூண்டு தரம் கேட்டனான். உறுதியாம்." அப்புறம், பிழை திருத்துகிறவர்போல மெதுவாகச் சொன்னார்: "உறுதி."

மனைவி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவர் அழுதார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பையை வாங்கிக்கொண்டேன். உள்ளே ஒரு பெரிய ஸ்னாப்பர் மீன். வருகிற வழியில் கடையில் வாங்கியிருக்கிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவி அதைப் புரட்டிப் பார்த்தாள். "கடை மீனோ? நல்ல மீன்தானே தம்பி?"

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"தெரியாது அக்கா. வெட்டிப் பாத்தால்தான் தெரியும்."

அவள் குசினிக்குள் போய்க் கத்தியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.